ஒமேகா எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் பிளஸ் டூ மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் கலப்பெண்கள் (தாளில் ஒரு புள்ளியாகக் குறிக்கக்கூடிய எண்கள்) பாடத்துக்கு வினா விடை வந்திருந்தது. விடைகள் எல்லாம் சரி. ஆனால் ஒன்றின் முப்படி மூலங்களை, அதாவது முப்படிக்கு உயர்த்தினால் 1 வரும் 1, ஒமேகா, ஒமேகா வர்க்கம் என்ற மூன்று எண்களைப் பற்றி நாலு கணக்கு போட்டிருந்தும் ஒரு வட்டம்கூட வரையவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணைக்கு வருவார்கள். அவர்களில் ஒரு பெண், 1-இலிருந்து ஒமேகாவைக் கழித்து, ஒமேகா வர்க்கத்தைக் கூட்டி, வருவதை ஆறாம் படிக்கு உயர்த்தும் கணக்கை மூன்றே வரியில் போட்டு 64 என்று காட்டினாள். விடை சரிதான். "சரி தாயி, அந்த ஒமேகா இந்தத் தாளில் எங்கே இருக்கு? ஒரு புள்ளி வை பார்ப்போம்" என்றேன். பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூன்றையும் கூட்டினால் பூச்சியம், அதை மனப்பாடம் பண்ணு, மார்க் வந்துவிடும்" என்று டியூஷனில் சொன்னார்களாம். எனக்கு மனசே ஆறவில்லை.

என் அப்பா சேரன்மகாதேவியில் வண்டிச் சக்கரம் செய்த தச்சர். சக்கரத்துக்கு 12 ஆரக்கால். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் துளை போடுமுன் அதன் முகத்தில் கவராயத்தால் ஒரு வட்டம் இழுப்பார். அப்புறம் விரிப்பை மாற்றாமல் அதே கவராயத்தை வட்டத்தின் மேலேயே எட்டு வைத்துக்கொண்டு போவார். ஆறாவது எட்டு, தொடங்கிய புள்ளிக்கே வந்து நிற்கும். "வந்து சேரலைன்னா கவராயம் அசைஞ்சுட்டுன்னு அர்த்தம்லே" என்பார். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு.

வட்டத்தின் ஆரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பன்னிரண்டு புள்ளிகள்தாம் ஒன்றின் பன்னிரண்டாம் படி மூலங்கள். வலப்பக்கம் நேராகக் கிடக்கும் ஆரக்கால் 1. அதை விட்டு இடஞ்சுழியாக எண்ணினால் நாலாவது ஒமேகா, எட்டாவது ஒமேகா வர்க்கம். ஒமேகாவால் பெருக்குவது என்றால் சக்கரத்தை நாலு ஆரக்கால் திருப்புவது. மூன்று தடவை திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒமேகாவின் முப்படி 1 ஆவது அதனால்தான். இதைத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டியபோது ஒரு பையன், "அஞ்சஞ்சா தாண்டுனா சார்?" என்று கேட்டான். தாண்டிப் பார்த்தான். பன்னிரண்டு புள்ளியையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பினான். 1, 5, 7, 11 ஆகிய தாண்டல்களுக்குத்தான் அப்படி அமையும், 12-உடன் அவற்றுக்கு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

கூட்டினால் பூச்சியம் என்பதும் அப்படித்தான். பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போனால் காற்றாலைகளைப் பார்க்கலாம். மூன்று இறக்கைகளும் 120 பாகை விட்டு நிற்கின்றன, ஒரு பக்கமும் பாரம் சாயாது. 1 வலப்பக்கம் இழுக்கிறது. ஒமேகா, ஒமேகா வர்க்கம் இரண்டின் மேல் கீழ்ப் பங்கு அடிபட்டுப் போக, இடப்பக்கம் ஆளுக்கு அரை இழுத்தால்தான் சமன் ஆகும். ஒமேகாவின் மதிப்பில் வரும் கழித்தல் அரை இதுதான்! வயலில் மும்முனை மின்சாரத்தில் மோட்டார் ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம். மூன்று முனைகளிலும் சுமை ஒன்றாக இருந்தால் நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் பூச்சியமாவதும் இதே கணக்குதான்.

1796-இல் ஜெர்மன் கணித மேதை காஸ் தன் 18 வயதில், கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வட்டத்தை 17 சம பாகமாகப் பிரிக்க முடியும் என்று நிறுவியது ஒன்றின் பதினேழாம் படி மூலங்களை வைத்துத்தான். அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், அத்தனை சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது சூத்திரத்துக்கு மேலே 12 புள்ளி வைத்த ஒரு வட்டத்தை அச்சிடுங்கள். பக்கத்துப் பள்ளிகளில் யாராவது கூப்பிட்டால் அப்பாவின் கவராயத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். இரும்புக் கவராயம், முனை இன்னும் கூராகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
சேரன்மகாதேவி.