நாலு நோட்டு அனுப்பியிருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கிணற்றடி முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. மூன்று வாரமாக "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் போனில் நீ பேசவில்லை. தம்பி ஏதோ சொன்னான். அதை நான் கேட்கப் போவதில்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் வகுப்பில் கடிக்கிற பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாயே, அவனைப் பற்றி எழுதி வை. "முரடன்" என்று எழுதாதே. எத்தனை மணிக்குக் கடித்தான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பக்கத்தில் யார், அப்போது நீ என்ன செய்தாய். நாலு வரி போதும். பேர் வேண்டாம், முதலெழுத்து போதும். பத்து நாள் கழித்து மொத்தமாகப் படித்துப் பார். சாப்பாட்டுக்கு முந்தின அரை மணியில்தான் கடிக்கிறான் என்று தெரியலாம். கையில் இருப்பதை யாராவது பிடுங்கினால் மட்டும்தான் என்றும் தெரியலாம். அப்புறம் அதைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் காட்டு. உன் கண்ணுக்குப் படாதது அவள் கண்ணுக்குப் படும்.

உனக்கு எழுத வரும். ஆட்டுக்குட்டி செத்ததை மூன்றாம் வகுப்பிலேயே இரண்டு பக்கம் எழுதினவள் நீ. அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போனதிலிருந்து நோட்டையே தொடவில்லை. நேரமில்லை என்பாய். பிள்ளைகள் தூங்கும்போது பத்து நிமிஷம் கிடைக்காதா?

எங்கள் பால்வாடி டீச்சர் பயிற்சியில் கிஜுபாய் பதேகாவைப் பற்றிச் சொன்னார்கள். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, குஜராத்தில் இருக்கிற பாவ்நகரில் 1920-இல் சின்னப் பிள்ளைகளுக்கு பால மந்திர் என்ற பள்ளி தொடங்கியவர். டீச்சர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதிக்கொண்டே இருந்தவர். 1939-இல் அடையாறுக்கு வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாண்டிசோரி அம்மாவைப் பற்றியும் சொன்னார்கள். பிள்ளையைக் கவனிப்பதுதான் அவர்கள் முறைக்கே அடிப்படையாம். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்து என்ன செய்தேன்? 32 வருஷம் பால்வாடியில் வருகை, எடை, தடுப்பூசி, சத்துமாவு இருப்பு என்று பதிவேடு பதிவேடாக எழுதினேன். ஒரு பிள்ளை அன்றைக்கு என்ன செய்தது என்று ஒரு வரி எழுதவில்லை.

பூக்காரம்மா பேரன் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அடம் என்று நினைத்துக் கடைசியில் உட்கார வைத்தேன். ஒரு நாள் எவர்சில்வர் தட்டு அடுக்கு மொத்தமும் சரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அலறின. அவன் மட்டும் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன் கண்ணு. இந்தக் கண்ணால் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டேன். அந்த மாதம் அவனுக்கு நான் எழுதியது 12 கிலோ, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் காது கேட்காதது தெரிந்தது. "உனக்குமா தெரியல டீச்சர்?" என்று அவன் அம்மா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பஸ் பார்சலில் நாலு நோட்டு போட்டிருக்கிறேன், முறுக்கும் இருக்கிறது. முதல் நோட்டில் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா