சகைங் கப்பலைத் தேட உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். சகைங் கப்பலின் கதையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன், எழுதியதுதான் நான், தேடிப் பிடித்துத் தந்ததெல்லாம் நீங்கள், அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் சரித்திர டீச்சருக்கு. "1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ஜப்பான்காரன் தாட்ட கப்பல்" என்று நான் துணிந்து எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "தம்பி, குண்டு போட்டது அவன்தான், தாட்டது யாரெண்டு பாத்தீரோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு இரண்டு மாதம் போனது. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் போட்ட குண்டில் சகைங் தீப்பிடித்தது, கைவிட்டார்கள், ஆனால் அன்று அது தாழவில்லை. 1943 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ்காரரே அதைத் தாட்டார்கள், இறங்குதுறையாக உதவட்டும் என்று. எரிந்த கப்பலையும் சும்மா விடாத ஆட்கள்!

கிளாஸ்கோ மச்சானுக்கு அடுத்த நன்றி. மழையில் டம்பார்ட்டன் வரை போய் வந்தான். 1924இல் சகைங்கைக் கட்டிய டென்னி கம்பனியின் தளம் இப்போது இல்லை, கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்த நீண்ட தண்ணீர்த் தொட்டி மட்டும் அருங்காட்சியகமாக இருக்கிறது. கிளாஸ்கோவுக்கும் ரங்கூனுக்கும் ஓடிய ஹெண்டர்சன் கம்பனி தன் கப்பல்களுக்குப் பர்மிய ஊர்ப் பெயர்களை வைத்தது என்பதையும், ஐராவதிக் கரையிலுள்ள ஓர் ஊர்தான் சகைங் என்பதையும் அவன்தான் சொன்னான். நான் ஏதோ ஸ்கொட்லாந்துச் சொல் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் அந்த ஓய்வுபெற்ற கடற்படைச் சுழியோடி. என் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டு, மிச்சத்தை மொழிபெயர்த்த அயல்வீட்டுத் தங்கச்சியையும் பொறுத்துக்கொண்டு, 452 அடிக் கப்பலை 35 அடி ஆழத்திலிருந்து எப்படி எடுத்தார்கள் என்று தாளில் கீறியே காட்டினார்: உடைந்த பக்கத்துக்குச் செயற்கையாக ஒரு சுவர் வைத்து அடைத்து, உள்ளேயிருந்த தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் தொடங்கிய வேலை, 2018 மார்ச் 22 அன்று கப்பல் மிதந்தது. பிறகு வேறிடத்துக்கு இழுத்துப் போய்த் திரும்பவும் தாட்டார்கள். இரண்டு முறையும் எதிரி தாட்டதில்லை, பாருங்கள்.

1942இல் அந்தக் குண்டுவீச்சுக்கு முன்பே பாதுகாப்புக்காகத் துறைமுகத்தை விட்டுப் போன பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். உள்ளே நின்று எரிந்த இதைப் பற்றிக் கேட்டால், "தாண்ட கப்பல்" என்பதோடு சரி.

கடைசியாக, வள்ளத்தில் கூட்டிப்போன மாமா. மூன்று தடவை போனோம், மண்ணெண்ணெய்க் காசை இன்னும் வாங்க மாட்டேன் என்கிறார். மாமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவேன், மாமியிடம் கொடுத்துவிடுவேன்.