சிறுநீர்க் குப்பியை அவர்கள் கையிலேயே கொடுங்கள்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நுட்புநர் நான். பால்வினைத் தொற்றுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையங்களின் வாசல்வரை வந்து திரும்பிவிடும் இளைஞர்கள், தாங்களே பிடித்துத் தரும் சிறுநீரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வழிசெய்யக் கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

நம் மையங்களில் பால்வினைத் தொற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறியை வைத்தே மருந்து தரப்படுகிறது. சிறுநீர்த் துவாரத்தில் சீழ் வடிவதாக ஒருவர் சொன்னால், சாம்பல் நிறத்து முதலாம் எண் மருந்துப் பொட்டலம் அவருக்குக் கிடைக்கும். வெட்டை நோய் (கொனோரியா) கண்ட ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலும் சீழும் இருப்பதால் இம்முறை அவர்களுக்கு உதவுகிறது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று அப்படியன்று. அது தொற்றிய ஆண்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. தெரியாமலே அவர்கள் அதை மனைவிக்குக் கடத்த, அவளுக்குக் கருக்குழாய் அடைபட்டுப்போனால், பிள்ளையில்லை என்ற பழியும் அவள் தலையிலேயே விழுகிறது.

அறிகுறி இல்லாதவரிடம் தொற்று இருப்பதைச் சோதனைதான் காட்டும். ஆனால் சோதனை என்றதும் துவாரத்துக்குள் நுழைக்கும் பஞ்சுக்குச்சியே இளைஞர்களின் நினைவுக்கு வருகிறது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோன ஒரு பையன் திரும்பி வரவேயில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் லாட்ஜில் அறையெடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறார்கள்.

கிளமிடியாவையும் வெட்டை நோயையும் கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டறியும் நாட் (NAAT) சோதனைக்கு, ஆண்களிடம் அந்தக் குச்சி தேவையில்லை. அவர்களே பிடித்துத் தரும் சிறுநீர் போதும். மாதிரியைத் தாமே எடுத்துத் தரும் வழியையும் மக்களுக்குக் கூடுதலாகத் திறந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர் என்றாலே முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கும்படி நாங்கள் மக்களைப் பழக்கியிருக்கிறோம். இந்தச் சோதனைக்கு அதற்கு நேர்மாறாக, குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மில்லி லிட்டரை மட்டுமே பிடிக்க வேண்டும். துவாரத்தின் உட்சுவரிலுள்ள கிருமியை அந்த முதல் ஓட்டம்தான் அடித்துக்கொண்டு வருகிறது. குப்பியை நிரப்பிக் கொடுத்தால் கிருமி நீர்த்துப்போய், தொற்று இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். ஆகவே குப்பியோடு, எளிய தமிழில் படம் போட்ட ஒரு தாளும் கட்டாயம் தரப்பட வேண்டும்.

கருவி எங்கே என்று கேட்கப்படலாம். காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் நிறுவப்பட்டுள்ள சிபிநாட் (CBNAAT) என்ற நாட் சோதனைக் கருவியிலேயே, இவ்விரு தொற்றுகளுக்குமான தனிக் கார்ட்ரிட்ஜை வைத்து இச்சோதனையைச் செய்ய முடியும். அந்தக் கார்ட்ரிட்ஜின் விலை குறைவன்று என்பதையும், காசநோய் மாதிரிகளைக் காக்க வைக்கக் கூடாது என்பதையும் அறிந்தே கேட்கிறேன். அதனால் எல்லா இளைஞருக்கும் உடனே தொடங்கச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. சோதனைக்காக நம்பிக்கை மையத்துக்குத் தாமாக வரும் 18 வயது நிறைந்த ஆண்களிடமும், பால்வினைத் தொற்றுக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் துணைவர்களிடமும் ஓரிரு மாவட்டங்களில் தொடங்கலாம்.

சிறுநீரால் எல்லாம் தெரிந்துவிடாது. சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் வேண்டும். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்குத் தொண்டையிலோ ஆசனவாயிலோ மட்டும் தொற்று இருந்தால் சிறுநீர் அதைக் காட்டாது. அங்கிருந்தும் அவர்களே மாதிரி எடுத்துக்கொள்ள முடியும், அதற்கும் குச்சியும் விளக்கமும் தரப்பட வேண்டும். சீழோ புண்ணோ விதைப்பை வீக்கமோ உள்ளவரைக் குப்பியோடு அனுப்பிவிடாமல் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

முடிவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிக்காமல், எண்ணைக் கொண்டு ஆலோசகர் தனியே தெரிவிக்கவும், தொற்று இருந்தால் அன்றே மருந்து கிடைக்கவும், துணையை அழைத்துவரப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். அந்த விளக்கத் தாளை எழுதிக் கொடுக்கவும், நுட்புநர்களுக்குச் சொல்லித்தரவும் ஊதியமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்