பொடி முடி வளரட்டும், மக்கா

தக்கலை,
ஆடி மாசம், ஞாயிறு சாயங்காலம்

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைச்சுது. வாட்சப்புல ரெண்டு வரி தட்டி விடாம, பழையபடி பக்கம் பக்கமா எழுதினியே, அதுக்கே உனக்கு ஒரு சாளைக்கறியும் மரச்சீனிக் கிழங்கும் ஆக்கிப் போடணும். இங்க சாரல் விட்டு விட்டுப் பெய்யுது. போன வாரம் ஒரு வேலையா ஆரல்வாய்மொழி வரைக்கும் போனேன், காத்துல முந்தாணி கையில நிக்கல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்போ வீட்டு மூலையில இருக்கிற ஒட்டடையெல்லாம் தெளிவாத் தெரியுதாம், எனக்குத்தான் கஷ்டம்.

ஆடி பிறந்தா மத்த ஊர் பார்லர்ல ஈ ஓட்டுவாங்க. நம்ம மாவட்டத்துல சர்ச் கல்யாணம் உண்டும்லா, அதனால பிழைச்சுப் போகுது. நேத்து கூட கருங்கல் பக்கம் ஒரு மணப்பெண்ணு. விடியக்காலம் நாலு மணிக்கே போயி, வெள்ளைப் பட்டு உடுத்தி, நெட்டும் கிரீடமும் வச்சு இறக்கி விட்டேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வாரேன். உன் மக பிள்ளை பெத்து அஞ்சு மாசத்துல நெத்தி நெடுக பொடி முடி குத்திட்டு நிக்கு, தலை முள்ளம்பன்றி மாதிரி இருக்குன்னு அழுதான்னு எழுதியிருந்த. ஆவணியில குழந்தைக்குச் சோறூட்டு வருது, போட்டோ எடுக்கணும், அதுக்கு முன்னால அதை வழிச்சு எடுத்திரலாமான்னு வேற கேட்டிருக்க. வேண்டாம் பிள்ளே. கத்திரி, ரேசர், வேக்ஸ் ஒண்ணும் அங்க படக்கூடாது. அவ தலையில முளைக்கிறது நல்ல முடி.

கர்ப்பமா இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் கூடுதலா இருக்கிறதால, உதிர வேண்டிய முடியும் உதிராமப் பிடிச்சு நிக்கும். ஏழாம் மாசத்துல அவ சடையைப் பார்த்து ஊரே கண்ணு வச்சுதுன்னு சொன்னியே, காரணம் அதுதான். பிரசவம் ஆனதும் அந்த ஹார்மோன் சட்டுனு இறங்கும். நின்னுக்கிட்டிருந்த முடியெல்லாம் மொத்தமா ஓய்வுக்குப் போயி, ரெண்டு மாசத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள கையோட கொட்டும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்னு நம்ம அம்மச்சிமாரு சொல்லுவாங்கல்லா? குழந்தை சிரிக்கிறதும் அதே காலத்துலதான், அதனால பழி பச்சைப்பிள்ளை மேல விழுந்துட்டு. பால் குடுக்கிறதாலன்னு யாராவது சொன்னா அதையும் காதுல வாங்காதே.

கொட்டினது மொத்தமா கொட்டினதால முளைக்கிறதும் மொத்தமா முளைக்கும். எல்லாம் ஒரே நீளத்துல நிக்கிறதாலதான் கண்ணுல குத்துது. பின்னந்தலையிலயும் இதே அளவுக்கு முளைச்சிருக்கும், நீண்ட முடி மேல கிடக்கிறதால தெரியாது. நெத்தியில மறைக்க ஒண்ணும் இல்லை.

சந்தேகமா இருந்தா ஒண்ணு செய்யச் சொல்லு. வெயில் விழுற ஜன்னல் பக்கம் உட்கார வச்சு, அந்தப் பொடி முடியில நாலஞ்சைச் சீப்பு நுனியால எடுத்து, பின்னால வெள்ளைத்தாள் பிடிச்சுப் பாரு. நுனி ஊசியா மெலிஞ்சு முடிஞ்சா அது புதுசா முளைச்சது. நுனி மொட்டையா வெட்டினாப்ல இருந்தாலோ, ரெண்டாப் பிளந்திருந்தாலோ, அது நீள முடி ஒடிஞ்சு நிக்கிறது. ஒடிஞ்சதுன்னா ஸ்ட்ரெயிட்னிங் மெஷின், ரப்பர் பேண்டு, ஈரத்தலையை இழுத்துச் சீவுறது, இதுல ஏதோ ஒண்ணு காரணம். மூணாவது வகையும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே நெத்தி ஓரத்துல பூனைமுடி இருக்கும், எத்தனை வருஷமானாலும் ஒரு விரல்கடைக்கு மேல வளராது. அதோட வளர்ச்சிக் காலமே கொஞ்சம்தான். தலைமுடி சாதாரணமா ரெண்டு வருஷத்துல இருந்து ஆறு வருஷம் வரை வளரும், அதனாலதான் இடுப்பு வரை வருது. பூனைமுடி அதுக்குள்ள ஓய்ஞ்சிரும். அதை வளர வைக்கேன்னு எண்ணெய் விக்கிறவங்களை நம்பிக் காசைக் கொட்டாதீங்க.

வழிச்சா அடர்த்தியா வரும்னு அவ மாமியார் சொன்னதா எழுதியிருந்த. மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1928லயே ஷேவ் பண்ணி அளந்து பார்த்து, அதனால முடி வளர்ச்சியில ஒரு மாற்றமும் இல்லைன்னு எழுதிட்டாங்க. வேர் தோலுக்குள்ள இருக்கு, ரேசர் மேலதானே ஓடுது. வழிச்ச முடி மொட்டை நுனியோட வெளிய வரும்போது சொரசொரன்னு இருக்கும், அதைத்தான் அடர்த்தின்னு நினைச்சுக்கிறது. மொட்டை போட்ட கணக்குக்கும் இதேதான், ஆனா அதை அந்த அம்மாகிட்ட நீ வாய்விட்டுச் சொல்லிராதே.

எவ்வளவு காலம் பொறுக்கணும்னா, முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நெத்தியில இருந்து காதுக்குப் பின்னால ஒதுக்குற நீளம் வரணும்னா ஒரு வருஷமாவது ஆகும். சடைக்குள்ள சேர இன்னும் கூடும். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரும்போது பெரும்பாலும் பழைய அடர்த்தி திரும்பிரும். வருஷம் தாண்டியும் கொட்டிக்கிட்டே இருந்தா ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லு. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வர்றது உண்டு. முடி வளரத் தடவுற மினாக்ஸிடில் மருந்துன்னு யாராவது பாட்டிலை நீட்டினா, பால் குடுக்கிறவ டாக்டரைக் கேட்காம அதைத் தொடவே கூடாது.

அதுவரை சமாளிக்க வழி இருக்கு. நடுவகிடு எடுக்கிறதை விடச் சொல்லு. வகிட்டைக் கொஞ்சம் பக்கவாட்டுக்கு மாத்தி, நீண்ட முடியைத் தளர்வா நெத்தி ஓரமா இறக்கிக் காது வழியாப் பின்னால கொண்டு போனா பாதி மறைஞ்சிரும். மிச்சத்துக்குக் கற்றாழை. மடலை வெட்டின உடனே மஞ்சளா ஒழுகுற பாலை வடிய விட்டுக் கழுவிட்டு, உள்ள இருக்கிற சோத்தை மசிச்சு, பயறளவு விரல்ல எடுத்துப் பொடி முடியில தடவணும். பிறகு மெத்துனு இருக்கிற புது டூத் பிரஷ்ஷால முடி போற போக்குலயே பைய ஓட்டணும். எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. மேல பழைய பருத்தித் தோர்த்துத் துண்டை மடிச்சுக் கட்டி, சேலை உடுத்தி முடிக்கிற வரைக்கும் விட்டு அவிழ்த்தா படிஞ்சு நிக்கும். நம்ம ஊர் ஈரக்காத்துல ரொம்ப நேரம் தாங்காது. காத்துல ஈரம் ஏறினா படிய வச்ச முடி திரும்ப அதோட போக்குக்கே போயிரும், அதுக்கு யாரும் மந்திரம் கண்டுபிடிக்கல. ஹேர் ஸ்ப்ரே வேண்டாம், மடியில கைக்குழந்தை இருக்கு.

தேங்காய் எண்ணெய் தடவுறதைப் பத்தியும் கேட்டிருந்த. 2003ல வந்த ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வச்சுப் பார்த்தாங்க. தேங்காய் எண்ணெய்தான் முடிக்குள்ள போயி புரதம் கழுவிப் போறதைக் குறைச்சுது. ஆனா அது இருக்கிற முடியைக் காக்கும், புதுசா முளைக்க வைக்காது. நெத்தியில வழிய வழிய வச்சா பரு வரும். குளிக்கும் முன்னால கொஞ்சம் தேச்சுட்டு, செம்பருத்தி இலையைக் கசக்கின தாளி போட்டு அலசச் சொல்லு. விளக்கெண்ணெய் பிசுபிசுன்னு முடியைச் சிக்கு பிடிக்க வைக்கும், புருவத்துக்கு வச்சாக்கூட எனக்குப் பிடிக்காது.

இனி உன் கதை. மகளைப் பத்தி எழுதின கடிதத்துல கடைசியா ஒரு வரி போட்டிருந்த, உனக்கும் காது மேல ரெண்டு பக்கமும் நெத்தி ஏறிக்கிட்டே போகுதுன்னு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாத் தெரியுது. நீ பள்ளிக்கூடத்துல ரெட்டைச்சடை மடிச்சுக் கட்டினா கண்ணே மேல இழுத்துக்கிட்டு நிக்கும். பிறகு வேலைக்குப் போனதுல இருந்து அதே இறுக்கத்துல கொண்டை. வருஷக்கணக்கா இழுபடுற வேர் ஒரு நாள் சோர்ந்து போகும். 1907லயே க்ரீன்லாந்துப் பெண்களுக்கு, உச்சியில இறுக்கிக் கட்டின கொண்டையால நெத்தி ஓரம் வழுக்கை விழுறதைக் கவனிச்சு எழுதி வச்சிருக்காங்க. இதுல ஒரு அடையாளம் உண்டு: முடி போன இடத்துக்கு முன்னால, பழைய நெத்தி எல்லையில மட்டும் மெல்லிசா ஒரு வரிசைப் பொடி முடி மிஞ்சி நிக்கும். அது கொண்டையில சிக்காத அளவுக்குக் குட்டையா இருக்கிறதால தப்பிச்ச முடி. கண்ணாடியில பாரு. இருந்தா, இன்னைக்கே கொண்டையை அவிழ்த்திரு. சீக்கிரம் விட்டா திரும்ப வரும். ரொம்ப நாள் விட்டுட்டா வேர் தழும்பாகி அங்க முளைக்காது.

மணப்பெண்ணுக்கு அலங்காரம் பண்ணும்போது இதைத்தான் நான் சண்டை போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன். சவுரி, ஜடைநாகம், தோவாளையில இருந்து வந்த பிச்சிப்பூ முழம் முழமா, அதுக்கு மேல நெத்திச்சுட்டி, எல்லாப் பாரமும் நெத்தி ஓரத்து முடியிலதான் தொங்குது. ஒரு நாள் தாங்கும். அதே பிள்ளைங்க டான்ஸ் கிளாசுக்கும் காலேஜுக்கும் தினம் இறுக்கினா தாங்காது. இதுல வேடிக்கை என்னன்னா, இப்போ வர்ற பிள்ளைங்க நெத்தியில நாலு முடியை இழுத்து விடுங்க அக்கான்னு கேட்கிறாங்க. அமெரிக்காவில கறுப்பினப் பெண்கள் இந்தப் பொடி முடியை டூத் பிரஷ்ஷும் ஜெல்லும் வச்சு நெத்தியில வளைச்சு வளைச்சுப் படிய வைக்கிறது ஒரு கலையாவே இருக்கு. அதை வீடியோல பார்த்துட்டு இதுகளும் கேட்குது. நாம பள்ளிக்கூட அசெம்பிளிக்கு முன்னால எண்ணெயைத் தேச்சு ஒட்டின முடிதான் அது.

நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான், தளர விடு. துணி சுத்தின பேண்டு வாங்கு, ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடு. பின்னல் தொடக்கத்தைக் கழுத்துக்குக் கிட்ட இறக்கு. ஒரே இடத்துல ஸ்லைடு குத்தாதே. படுக்கும்போது பழைய பட்டுச்சேலைத் துண்டைத் தலையணை உறையா தைச்சுப் போடு, உரசல் குறையும். நாலஞ்சு மாசத்துல மாற்றம் இல்லேன்னா தோல் டாக்டரைப் பாரு. நீ இங்க இருந்திருந்தா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.

சோறூட்டுக்கு நாள் குறிச்சதும் முதல்ல எனக்குச் சொல்லு. ஆவணியில முகூர்த்தம் வரிசையா வருது, முன்கூட்டியே சொன்னாத்தான் அட்வான்ஸ் வாங்காம அந்த நாளை ஒதுக்கி வைக்க முடியும். மகளுக்குத் தலை சீவி விடுறது என் பொறுப்பு. வரும்போது கற்றாழைச் செடியில ஒரு கன்றும் பிடுங்கிட்டு வாரேன். சட்டி மட்டும் நீ வாங்கி வை, அடியில ஓட்டை இருக்கிறதாப் பார்த்து வாங்கு.

அன்போட,
உன் தக்கலைக்காரி