அவுட்பாக்ஸில் நிற்கும் கடிதங்கள்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. பில் அனுப்பி இத்தனை நாளாகியும் வாடிக்கையாளர் ஒருவரும் பதில் போடவில்லை, என் கணக்கு வேலை அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நீ உடைந்துபோய்ச் சொன்னாய். பேசிக்கொண்டே மெயிலைத் திறந்து பார்த்தால் எல்லாம் அவுட்பாக்ஸிலேயே, அதாவது அனுப்பக் காத்திருக்கும் பெட்டியிலேயே கிடக்கின்றன. ஆக, உன்னை யாரும் ஒதுக்கவில்லை கண்ணு. அவர்கள் கைக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. முதலில் இதை மனசில் வாங்கிக்கொள்.

போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. அதனால்தான் எழுதுகிறேன். நீ இருக்கும் பெர்த்திலும் இங்கே சிங்கப்பூரிலும் ஒரே மணிதான், இரவு எந்நேரமானாலும் தயங்காமல் கூப்பிடு.

கணினியைச் சரிசெய்வது நாளைக்கு ஆகட்டும். இன்றைக்கு பில்கள் போய்ச் சேரட்டும். உன் முகவரியை வாங்கிய இடத்தில் வெப்மெயில் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். பிரவுசரில் அதைத் திறந்து பில்களை இணைத்து அனுப்பிவிடு. கணினியில் ஒரு கோளாறு, அதனால் தாமதம் என்று ஒரு வரி போதும், நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அனுப்பிய கையோடு, அவுட்பாக்ஸில் இருப்பவற்றை டிராஃப்ட்ஸ் என்ற வரைவுப் பெட்டிக்கு மாற்றிவிடு. இதை மறந்துவிடாதே. போகவில்லை என்று பதற்றத்தில் நீ மறுபடி மறுபடி செண்ட் அழுத்தியிருப்பாய். கோளாறு சரியானதும் அத்தனை பிரதியும் ஒரே மூச்சில் கிளம்பும். ஒரே பில் நாலு தடவை வந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? சில சமயம், நீ மெயிலுக்கு வைத்திருக்கும் அவுட்லுக், அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி நகர்த்த விடாது. அப்போது மேலே செண்ட்/ரிசீவ் என்ற பகுதியில் வொர்க் ஆஃப்லைன் என்பதை அழுத்தி, அவுட்லுக்கை மூடித் திறந்தால் நகரும். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் மறுபடி அழுத்தி எடுத்துவிடு.

வெப்மெயிலில் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னொன்றும் உறுதியாகிறது: உன் முகவரியும் நல்லாயிருக்கிறது, அதைக் கொடுத்த கம்பெனியின் சர்வரும், அதாவது கடிதங்களை வாங்கி அனுப்பும் அவர்களுடைய கணினியும் நல்லாயிருக்கிறது. கோளாறு உன் மடிக்கணினிக்கும் அந்த சர்வருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது, பார்.

எல்லாருடைய மெயிலும் எனக்கு வருகிறதே, அப்புறம் எப்படி அனுப்புவது மட்டும் கெட்டுப்போகும் என்று கேட்டாய். நல்ல கேள்வி. நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் கடிதப் பெட்டி இருக்கிறதே, அதில் நமக்குக் கடிதம் ஒழுங்காக வருவதை வைத்து, நாம் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியுமா? நாம் போடும் பெட்டி வேறு, அதை எடுத்துப் போகும் ஆள் வேறு. மின்னஞ்சலும் அப்படித்தான். உனக்கு வருவதைக் கொண்டுவருவது ஐமேப் என்ற வழி. நீ அனுப்புவதைக் கொண்டுபோவது எஸ்எம்டிபி என்ற வேறு வழி. சர்வர் பெயர் ஒன்றாக இருந்தாலும் கதவு எண் வேறு, சில இடங்களில் கடவுச்சொல்லைக்கூடத் தனியாகக் குறித்து வைத்திருக்கும். இன்பாக்ஸ் நிறைந்து வழியும்போதே அவுட்பாக்ஸ் அடைத்துக்கொண்டு நிற்கலாம்.

தஞ்சோங் பகாரில் உன் சின்ன வயதில் நான் கப்பல் சரக்கு ஆவணப் பிரிவில் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட் என்ற சரக்குத் தாள்கள் எல்லாம் கப்பல் போய்ச் சேருமுன் அங்கிருக்கும் ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும், ஒவ்வொரு நாளும் பணம் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து போன் வந்தது, தாள்கள் இன்னும் வரவில்லை என்று. எங்கள் பிரிவில் மூன்று பேர் சேர்ந்து அந்தக் கணினியைப் போட்டுப் புரட்டினார்கள். ஒருவர் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ஒருவர் செட்டிங்ஸுக்குள் போய் ஏதேதோ மாற்றினார். பக்கத்து மேசை சீன அக்கா ஒருவர் எழுந்து வந்தார். எதையும் தொடவில்லை. திரையின் அடியில் வலது மூலையில் விரலை வைத்தார். அங்கே சின்ன எழுத்தில் வொர்க்கிங் ஆஃப்லைன் என்று இருந்தது. யாருடைய கையோ தெரியாமல் அந்தப் பட்டனில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்ப அழுத்தியதும் தாள்கள் போய்விட்டன. ஆனால் நடுவில் அந்த மனிதர் மாற்றிய செட்டிங்ஸைப் பழையபடி கொண்டுவரத் திங்கட்கிழமை மதியம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான், உனக்கும் அதையே சொல்கிறேன். கடிதம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் எதையும் மாற்றாதே. அது நிற்கக்கூடிய இடங்கள் அதிகமில்லை. உன் கணினியிலேயே நிற்கலாம், சர்வர் வாசலில் தடுக்கப்படலாம், அல்லது சர்வரைத் தாண்டிப்போய் எதிராளியின் பக்கம் மாட்டலாம். அவுட்பாக்ஸில் இருந்தால் முதலிரண்டில் ஒன்று. செண்ட் ஐட்டம்ஸுக்குப் போய்விட்டால் உன் பக்கத்து வேலை அநேகமாக முடிந்தது. அவர்களின் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்.

உன் கணினியிலேயே நின்றிருந்தால், அந்த ஆஃப்லைன் வரியை முதலில் பார். அடுத்து, அவுட்பாக்ஸில் காத்திருக்கும் கடிதத்தைச் சரிபார்க்கிறேன் என்று திறந்து மூடியிருக்கிறாயா? பழைய அவுட்லுக்கில் அப்படிச் செய்தால், அது அனுப்ப வேண்டிய வரிசையிலிருந்து விலகிவிடும். வரிசையில் இருக்கும் கடிதத்தின் எழுத்து சாய்வாகத் தெரியும். விலகியது நேர் எழுத்தாக மாறிவிடும். மறுபடி திறந்து செண்ட் அழுத்தினால்தான் போகும். நீ எண்களை இரண்டு மூன்று தடவை சரிபார்க்கிற பிள்ளை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அளவையும் பார். ரசீதுகளை ஸ்கேன் செய்து சேர்த்து அனுப்புகிறாய் அல்லவா? மின்னஞ்சல் ஆதியில் வெறும் எழுத்துக்காகச் செய்யப்பட்டது. அதனால் படம், பிடிஎஃப் எதுவானாலும் எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த மாற்றத்தில் மூன்று பங்கு நான்கு பங்காகப் பெருகும். உன் கண்ணுக்கு 20 எம்பியாகத் தெரியும் கோப்பு, வழியில் கிட்டத்தட்ட 27 எம்பி. மெயில் கம்பெனிகள் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். ஸ்கேனரில் தரத்தைக் குறைத்துக் கறுப்பு வெள்ளையில் எடு. ரசீதுக்கு அது போதும். பெரிய கோப்பு என்றால் கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்பு.

இதெல்லாம் இல்லையென்றால், சர்வர் வாசலில் தடுக்கிறார்கள் என்று அர்த்தம். என் சந்தேகம் இங்கேதான், ஏனென்றால் நீ புது வீட்டுக்கு மாறி புது இணையம் போட்ட பிறகுதான் இது ஆரம்பித்தது. உன் தோழி செட்டிங்ஸ் போட்டுக் கொடுத்தபோது போர்ட் எண்ணை, அதாவது நான் சொன்ன அந்தக் கதவு எண்ணை, 25 என்று போட்டிருக்கலாம். எஸ்எம்டிபி முறையை 1982இல் எழுதியபோது கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் 25ஆம் கதவில் கடிதத்தைக் கொடுக்கலாம். பிற்பாடு குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் அதே கதவில் வந்து குவித்தார்கள். 1998இல், நம்மைப்போன்றவர்கள் அனுப்புவதற்கென்றே 587ஐத் தனியாக ஒதுக்கினார்கள். இன்றைக்குப் பல இணைய நிறுவனங்கள் வீட்டிலிருந்து 25க்குப் போகும் வழியை அடைத்தே வைத்திருக்கின்றன. பழைய வீட்டில் திறந்திருந்தது புது வீட்டில் அடைபட்டிருக்கலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். உன் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து அனுப்பிப் பார். அதில் போனால் சிக்கல் வீட்டு இணையத்தில். அதிலும் போகவில்லையென்றால் செட்டிங்ஸில்.

ஃபைலுக்குள் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் சர்வர் செட்டிங்ஸ் என்று போனால் அவுட்கோயிங் என்ற பகுதி இருக்கும். மாற்றுவதற்கு முன் இருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள். போர்ட் 587 என்றால் பக்கத்தில் ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்க வேண்டும். 465 என்றால் எஸ்எஸ்எல். இரண்டும் கடிதத்தைப் பூட்டி அனுப்பும் முறைகள். எண்ணும் முறையும் மாறி நின்றால் சில சமயம் பிழை என்றுகூடச் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உன் மெயில் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எது என்று எழுதியிருப்பார்கள், அதையே போடு. அங்கேயே, அனுப்பும் சர்வருக்கும் கடவுச்சொல் வேண்டும் என்பதற்கு ஒரு டிக் உண்டு. அது விட்டுப்போயிருந்தாலும் வருவது வரும், போவது மட்டும் நின்றுவிடும். சமீபத்தில் கடவுச்சொல்லை மாற்றினாயா என்றும் யோசித்துப் பார், பழையது அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பிழைச் செய்தி வந்தால் உடனே மூடிவிடாதே. அதிலுள்ள மூன்று இலக்க எண்தான் முக்கியம். 4இல் தொடங்கினால் தற்காலிகம், சற்றுப் பொறுத்தால் தானாகப் போய்விடும். 5இல் தொடங்கினால் காத்திருந்து பயனில்லை, நீ எதையாவது திருத்த வேண்டும். 535 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கவில்லை. 552 பெரும்பாலும் அளவு மிஞ்சியதற்கு வருவது. 550 என்றால் பல சமயம் பெறுபவரின் முகவரியில் தப்பு, ஒரு எழுத்து விட்டுப்போனாலும் அப்படித்தான் வரும். போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிச் சர்வர் மெயிலர் டீமன் என்ற பெயரில் திருப்பி அனுப்பும் கடிதத்திலும் இந்த எண் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். காரணம் முழுவதும் அதற்குள்தான் எழுதியிருக்கும்.

சின்ன விஷயம் ஒன்று: கணினியின் கடிகாரத்தையும் தேதியையும் பார்த்துவிடு. தேதி தப்பாக இருந்தால், இது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் சான்றிதழை உன் கணினி நம்பாது.

அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே செய்யாதே. உன் கணினியில் மட்டும் இருக்கும் கடிதங்கள் அதோடு போய்விடக்கூடும். வாடிக்கையாளர் விவரமெல்லாம் அதில் இருக்கிறது. முதலில் ஒரு பிரதி எடுத்து வை. இணையத்தில் தேடும்போது உதவி எண் என்று ஏதாவது கண்ணில் படும், அதை அழைத்துக் கணினியை யார் கையிலும் கொடுத்துவிடாதே. இங்கே சிங்கப்பூரில் இப்படி ஏமாந்தவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்றே 1799 என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். உனக்கு முகவரி கொடுத்த கம்பெனியை மட்டும், அவர்கள் அனுப்பிய ரசீதில் உள்ள எண்ணில் அழை. வெப்மெயிலில் போகிறது, அவுட்லுக்கில் போகவில்லை, போர்ட் இது, பிழை எண் இது என்று நீ சொன்னால் அவர்கள் விஷயத்துக்கு நேராக வந்துவிடுவார்கள். மெயில் போகவில்லை என்று மட்டும் சொன்னால், கணினியை அணைத்துப் போடுங்கள் என்பதில் தொடங்குவார்கள்.

நீ தனியாக ஒரு ஊரில் உட்கார்ந்து, கணக்கு வேலையும் பார்த்து, அதற்கான பணத்தையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். செய்த வேலைக்குப் பணம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். இனிமேல் பில் அனுப்பியதும் செண்ட் ஐட்டம்ஸில் அது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடு. பதில் வராவிட்டால் மனசுக்குள் வைத்துப் புழுங்காமல், பில் வந்ததா என்று போன் போட்டுக் கேள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை அப்பாவுக்கும் லீவு. அவுட்கோயிங் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு, கடவுச்சொல் தெரியாமல் மறைத்துவிட்டு. மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்து பார்ப்போம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா