சித்தப்பா, மேலே போனதும் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நவம்பருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று தம்பி சொன்னான். ரொம்ப சந்தோஷம். ஹாங்காங்கில் எங்கெங்கே போகலாம் என்று சித்தி ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பெரிய புத்தர், கேபிள் கார், கடைத்தெரு எல்லாம் அதில் இருக்கும். நான் ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: விக்டோரியா சிகரம். இங்கே எல்லாருக்கும் அது ‘பீக்’. ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் வேலை பார்த்த நீங்கள் அங்கே நின்றால், மற்றவர்கள் கண்ணில் படாத பலதும் உங்கள் கண்ணில் படும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிற நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்பதால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

மேலே வருகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். விளக்குகளைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த விளக்குகள் அழகுதான், நாமும் பார்ப்போம். ஆனால் இருட்டில் தண்ணீர் தெரியாது. அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் இந்த ஊர் ஏன் இங்கே உண்டானது என்பது பிடிபடாது. அதனால் மூன்று மணிக்குள் நாம் மேலே இருக்க வேண்டும்.

மலையின் உச்சி 552 மீட்டர். அங்கே ரேடியோ கோபுரங்கள் இருப்பதால் உச்சிவரை யாரையும் விடுவதில்லை. எல்லாரும் போய் நிற்பது அதற்குக் கீழே, ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில். அங்கிருந்து வடக்கே பார்த்தால் காலுக்குக் கீழே ஊர், அதைத் தாண்டி நீர், அதற்கு அப்பால் எதிர்க்கரையான கௌலூன், அதன் பின்னால் மறுபடியும் மலைத்தொடர். தெற்கே நாம் நிற்கும் மலை, வடக்கே அந்த மலை, இரண்டுக்கும் நடுவில் ஆழமான கடல். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஏதாவது ஒரு மலை குறுக்கே நிற்கும். தூத்துக்குடியில் இந்த வசதி நமக்கு இல்லை. முயல் தீவை ஒட்டி வடக்கிலும் தெற்கிலுமாகப் பக்கத்துக்கு நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கல்லைக் கொட்டி அலையைத் தடுத்த பிறகுதான் 1974-இல் பெரிய கப்பல் கரையோரம் வந்து நின்றது. அந்தக் கல்லின் விலை தெரிந்தவர் நீங்கள். இங்கே அதே வேலையை மலைகள் செய்திருக்கின்றன.

1841-இல் ஆங்கிலேயர்கள் இந்தத் தீவைப் பிடித்தபோது லண்டனில் இருந்த வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனுக்குக் கோபம். வீடு வாசல் இல்லாத மொட்டைத் தீவை வாங்கி வந்திருக்கிறீர்களே என்று தன் ஆட்களைக் கடிந்துகொண்டார். அவர் பார்த்தது நிலத்தை. கப்பல்காரர்கள் பார்த்தது நீரை. அபின் ஏற்றி வந்த கப்பல்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த அபின் வியாபாரத்துக்காகத்தான் சீனாவோடு சண்டையே நடந்தது. மேலே நின்று இந்த அழகைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். புயல் இங்கேயும் விட்டுவைக்கவில்லை. 1906-இல் வந்த ஒரு புயல் இந்தத் துறைமுகத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. படகுகள் ஒதுங்குவதற்கென்றே கரையோரம் கல் சுவர் கட்டிய குடாக்கள் இருக்கின்றன. மேலிருந்து அவற்றையும் காட்டுகிறேன்.

எப்படிப் போவது என்று கேட்பீர்கள். ஏறும்போது பஸ், இறங்கும்போது டிராம் என்பது என் யோசனை. 15-ஆம் நம்பர் மாடி பஸ்ஸில் மேல்தளத்தின் முன் சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். வான் சாய் தாண்டி மலைப்பாதை தொடங்கும் முக்கில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. யார் போனாலும் சாப்பாடு போடுவார்கள். சித்திக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்று மதியம் அங்கேயே முடித்துக்கொண்டு ஏறலாம். அதற்கப்புறம் பஸ் வளைந்து வளைந்து ஏறும். மரக்கிளைகள் கண்ணாடியில் உரசும். ஒரு வளைவில் ஹேப்பி வேலி குதிரைப் பந்தய மைதானம் கீழே பச்சையாகத் தெரியும்.

டிராமின் கதை வேறு. 1888 மே மாதம் ஓடத் தொடங்கியது. கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதைப் போல இரண்டு வண்டி, ஒரே கம்பி வடம். ஒன்று ஏற மற்றொன்று இறங்கும், நடுவழியில் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்ளும். மேலே இருந்த நீராவி எஞ்சின்தான் முதலில் வடத்தை இழுத்தது, 1926-இல் மின்சாரத்துக்கு மாறினார்கள். இப்போது ஓடுவது 2022-இல் வந்த பச்சை வண்டி, 210 பேர் ஏறலாம். சில இடங்களில் சரிவு 25 பாகையைத் தாண்டும். அப்போது சன்னல் வழியே பார்த்தால் கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து நிற்பதாகத் தோன்றும். முதலில் அதில் மூன்று வகுப்பு இருந்தது: முதல் வகுப்பு அரசாங்க அதிகாரிகளுக்கும் இந்த மலையில் குடியிருந்தவர்களுக்கும், இரண்டாவது ராணுவத்துக்கும் போலீசுக்கும், மூன்றாவது மற்ற ஜனங்களுக்கும் ஆடு மாடுகளுக்கும். 1908 முதல் 1949 வரை முன் இருக்கை இரண்டும் கவர்னருக்கென்று எழுதி ஒதுக்கியிருந்தார்கள். வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கும் வரை வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

சித்தப்பா, இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. 1904-இல் ஒரு சட்டம் போட்டு இந்த மலையில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாம். ஹோ டுங் என்ற பெரும் பணக்காரர் 1906-இல் தனி அனுமதி வாங்கித்தான் இங்கே குடியேற முடிந்தது. அந்தத் தடை 1946 வரை சட்டத்தில் இருந்தது. டிராம் வருவதற்கு முன் துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் சீனர்கள். டிராம் வந்த பிறகும் வீடு கட்டச் செங்கல்லும் மணலும் ஆட்களின் தோளில்தான் ஏறின. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். கீழே கொள்ளைநோயும் புழுக்கமுமாக இருந்தபோது மேலே குளிர்ந்த காற்று; அந்தக் காற்றுக்குத்தான் வேலி போட்டார்கள். நானும் நீங்களும் கையில் ஒரு டீயுடன் உரிமையாக நிற்கப்போகும் அதே இடம். எனக்கு ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வந்து நெஞ்சில் தைக்கும்.

மேலே போனதும் வணிக வளாகத்துக்குள் நுழைய வேண்டாம். கட்டணம் வாங்குகிற மொட்டைமாடி 428 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்தி ஆசைப்பட்டால் ஏறலாம், அவசியம் இல்லை. பக்கத்திலேயே சிங்க மண்டபம் என்ற சின்ன மண்டபத்திலிருந்து காசில்லாமல் இதே காட்சி. அதையும் விட்டுவிட்டு நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது லுகார்ட் சாலைக்கு. கவர்னராக இருந்த ஒருவரின் பெயர். பெயர்தான் சாலை, நடைபாதை அளவுக்குத்தான் அகலம். ஹார்லெக் சாலையோடு சேர்த்து மலையைச் சுற்றி வர மூன்றரை கிலோமீட்டர். மேடு பள்ளம் அநேகமாகக் கிடையாது, உங்கள் முட்டிக்கு ஒன்றும் ஆகாது. செங்குத்தான பாறையை ஒட்டிப் பாதை போடச் சில இடங்களில் கீழேயிருந்து தூண் எழுப்பி அதன்மேல் தளம் போட்டிருக்கிறார்கள். நம் அசாம் பக்கத்து ரப்பர் மரம் ஒன்று விழுதுவிட்டுப் பாதையைக் கவிந்து நிற்கிறது, அதன் அடியில் புகுந்து போக வேண்டும். கொஞ்சம் நடந்ததும் மரங்கள் விலகும். அங்கே நின்றுகொள்ளுங்கள்.

நேர் கீழே ஐ.எஃப்.சி. கோபுரம், 412 மீட்டர். நாம் நிற்பது கிட்டத்தட்ட அதே உயரம் என்பதால் தரையிலிருந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த அதன் தலை கண்ணுக்கு நேராக இருக்கும். எதிர்க்கரையில் அதைவிட உயரமாக நிற்பது ஐ.சி.சி., 484 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் கரும்பருந்துகள் வட்டமிடும். நமக்குக் கீழே பறக்கிற பருந்தின் முதுகைப் பார்ப்பது புதிதாக இருக்கும்.

கோபுரங்களை அதோடு விட்டுவிட்டு இடது பக்கம், வடமேற்கே திரும்புங்கள். தூரத்தில் ஸ்டோன்கட்டர்ஸ் பாலத்தின் இரண்டு கம்பங்கள். அதன் அடியில் கிரேன் வரிசை: குவாய் சிங் கண்டெய்னர் துறை, ஒன்பது முனையங்கள். 2004 வரை பல ஆண்டுகள் உலகத்திலேயே அதிகமாகக் கண்டெய்னர் ஏறி இறங்கியது இங்கேதான். அதன்பின் சிங்கப்பூர் முந்தியது, பிறகு ஷாங்காய். பக்கத்திலிருக்கும் ஷென்சென் துறையே இன்று இதைவிடப் பெரிது. கிரேன்கள் முழுக்க ஆடாமல் நிற்கிற நாளும் உண்டு. பார்த்தால் உங்களுக்கு மனசு என்னவோ செய்யும்.

அதற்கு இப்பால், நட்டநடு நீரில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும். ஒரு கப்பலின் இரண்டு பக்கத்திலும் பார்ஜ்கள் என்ற தட்டையான சரக்குப் படகுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பார்ஜிலும் சொந்தமாகச் சரக்குத் தூக்கும் ஒரு டெரிக் கம்பம். கப்பல் கரைக்கு வரவே தேவையில்லை. கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கிப் பார்ஜில் வைத்து, பார்ஜைக் கரைக்கு இழுத்துப்போவார்கள். கண்டெய்னரின் நாலு மூலையிலும் வடத்தின் கொக்கியைக் கையால் மாட்டுகிறவர்கள் அதன் தலைமேல் ஏறி நிற்பார்கள். கப்பல் ஆடும், பார்ஜ் ஆடும், கண்டெய்னர் தொங்கும். ஆபத்தான வேலை, உயிர்ப்பலியும் ஆகியிருக்கிறது. கப்பலைக் கரையில் கட்டும் பெர்த்தின் வாடகையைவிடச் செலவு குறைவு என்பதால் இந்த நவீன ஊரிலும் இம்முறை நீடித்தது. இப்போது குறைந்துவருகிறது. நம் ஊரில் கப்பல் தூரத்தில் நிற்க, தோணிகள் போய்ப் பஞ்சும் உப்பும் நிலக்கரியும் ஏற்றி இறக்கிய காலத்தைத் தாத்தா சொல்வாரே, அதே வேலை இங்கே இரும்புப் பெட்டியோடு நடக்கிறது. முதன்முதலாக இதைப் பார்த்த அன்றே, சித்தப்பா இங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த நீர் வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கியதையும் மேலிருந்து காணலாம். பழைய கரை இருந்த இடம் இன்று குயின்ஸ் ரோடு. கடலுக்கும் அதற்கும் நடுவே இப்போது பல தெருக்கள். மண்ணைக் கொட்டிக் கொட்டி ஊரைக் கடலுக்குள் நீட்டினார்கள். கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர் பால் சாட்டர் 1889-இல் தொடங்கிய திட்டம் அதில் பெரியது. இப்படியே போனால் இரண்டு கரையும் முட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் பதறிப்போய்ப் போராடி, 1997-இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தவிர்க்க முடியாத பொதுத்தேவை என்று நிரூபிக்காமல் இனி மண் கொட்ட முடியாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. மிச்சமிருக்கும் நீர் அந்தச் சட்டத்தால் மிச்சம். கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சட்டமும், அதற்காகத் தெருவில் இறங்கும் ஜனமும் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீரின் குறுக்கே பச்சையும் வெள்ளையுமாக ஊர்வது ஸ்டார் படகு. டிராம் ஓடத் தொடங்கிய அதே 1888-இல் தொராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் நிறுவிய படகு நிறுவனத்திலிருந்து வந்தது அது. மறுநாள் காலையில் அதில் ஏறுவோம். மேலே நின்று பார்த்த மலையைக் கீழே நீர்மட்டத்திலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாதையின் மேற்கு முனைக்கு வரும்போது பொழுது சாய ஆரம்பித்திருக்கும். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடும். அங்கிருந்து லாந்தாவ் தீவும் வெளிக்கடலில் முறைக்குக் காத்திருக்கும் கப்பல்களும் தெரியும். தெற்கே லாம்மா தீவின் மின்நிலையத்தில் மூன்று புகைபோக்கி. அப்படியே சுற்றி வந்தால் கணவாய்க்குத் திரும்பும் நேரம் கீழே விளக்கு ஏறியிருக்கும். எட்டு மணிக்கு ஒளிக்காட்சி உண்டு, அதைக் கரையில் நின்று பார்ப்பதே நல்லது. டிராமுக்கு வரிசை நீளமாக இருந்தால் நிற்க வேண்டாம், பஸ்ஸிலேயே இறங்கிவிடலாம்.

மார்ச், ஏப்ரலில் வருகிறவர்கள் பாவம், மேலே ஏறினால் மூடுபனியில் பக்கத்தில் நிற்பவரே தெரியாது. நீங்கள் வரும் மாதம் வாடைக்காற்று தொடங்கி வானம் தெளிந்திருக்கும். ஆனாலும் மேலே குளிரும். சித்திக்கு ஸ்வெட்டர், உங்களுக்கு மஃப்ளர். நடக்கிற செருப்பு, தண்ணீர். புளியோதரையை நான் கட்டி எடுத்து வருகிறேன்.

சனிக்கிழமை என்று வைத்திருக்கிறேன், என் மகனுக்குப் பள்ளி விடுமுறை. இந்த ஊரிலேயே வளர்கிறான், தினமும் பஸ்ஸிலிருந்து கப்பலைப் பார்க்கிறான், ஹாட்ச் எது வின்ச் எது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. உங்கள் பழைய பைனாகுலரைப் பெரிய பெட்டியில் போட்டு உடைத்துவிடாமல் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்