புது ஊசியில் வலப்பக்கம் பாதிதான் கேட்கிறது: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
வீணை ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: பழுதான மூவிங் மேக்னட் (அசையும் காந்த) கார்ட்ரிட்ஜுக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த மே மாதம் உங்கள் இணையதளத்தில் ரூ. 8,900 செலுத்தி ரெக்கார்டு பிளேயருக்கான கார்ட்ரிட்ஜ் (ஊசியைச் செருகி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) ஒன்று ஊசியோடு வாங்கினேன். பார்சல் சீக்கிரம் வந்தது, பேக்கிங்கிலும் குறை இல்லை. ஆனால் மாட்டிய அன்றே வலப்பக்க ஸ்பீக்கரில் ஒலி அமுங்கித்தான் வந்தது. புகார் அனுப்பினேன். "மலைப்பகுதியின் ஈரப்பதம், பழைய இசைத்தட்டுகளின் தேய்மானம் ஆகியவையே காரணம், உத்தரவாதம் பொருந்தாது" என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் எழுதியது. அந்தப் பதில் தவறு. பழுது உங்கள் ஊசியில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கையேட்டில் சொன்னபடியே பொருத்தினேன். ஊசியின் அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். டிஜிட்டல் தராசில் வைத்து 2 கிராம் வைத்தேன். கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லில் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை ஒயர்களை அதனதன் முனையில்தான் செருகினேன். பிறகு ஒரு ஸ்டீரியோ கச்சேரித் தட்டைப் போட்டேன். அந்தத் தட்டில் வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பழக்கம். தனி ஆவர்த்தனம் வந்தபோது மிருதங்கம் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. தொப்பியின் (இடந்தலையின்) கும்காரம், அதாவது கனத்த ஒலி, ஓரளவு வந்தது. வலந்தலையின் சாப்பு என்னும் கணீர் அடி மங்கிப் போயிருந்தது.

ஒரு தட்டை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டை எடுத்தேன். அது மோனோ. மோனோ தட்டில் இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் இருக்கும். சரியான கார்ட்ரிட்ஜில் நாதஸ்வரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். இதில் இடப்பக்கச் சுவரோரம் போய்விட்டது. என் மாணவர் ஒருவர் அதைக் கணினியில் பதிவு செய்து இரண்டு சேனலையும் அளந்தார். வித்தியாசம் ஏறக்குறைய 6 டெசிபெல். அதாவது வலப்பக்கம் வரும் மின்னழுத்தம் இடப்பக்கத்தில் பாதி. உங்கள் கையேடு 2 டெசிபெல்லுக்குள் இருக்கும் என்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் இந்த மாடலை வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோ நீங்கள் சந்தேகப்படலாம். அதனால் ஹெட்ஷெல்லில் இடவல ஒயர்களை மாற்றிச் செருகிப் பார்த்தேன். குறைந்த ஒலி இடப்பக்க ஸ்பீக்கருக்கு இடம் மாறியது. ஆகவே ஹெட்ஷெல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எதிலும் பழுது இல்லை. என்னிடம் இதே வரிசையில் வந்த பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஊசி தேய்ந்ததால்தான் புதிது வாங்கினேன். அந்தப் பழைய ஊசியைக் கழற்றி உங்கள் புது கார்ட்ரிட்ஜில் செருகியதும் நாதஸ்வரம் நடுவுக்கு வந்துவிட்டது. உங்கள் புது ஊசியைப் பழைய கார்ட்ரிட்ஜில் செருகினால் மறுபடி வலப்பக்கம் அமுங்குகிறது. ஊசி எங்கே போகிறதோ பழுதும் அங்கே போகிறது.

மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் லென்ஸ் வாங்கி ஊசியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். நுனியில் வைரத்தைத் தாங்கும் மெல்லிய அலுமினியத் தண்டு நடுக்கோட்டில் இல்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியில் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கியும், எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டும் இருக்கிறது. அந்தத் தண்டின் மறுமுனையில்தான் காந்தம் இருக்கிறது. தண்டு கோணினால் காந்தமும் கோணும். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சேனலின் கம்பிச் சுருளுக்கு அருகிலும் மற்றதன் சுருளுக்குத் தள்ளியும் காந்தம் நின்றால் இரண்டிலும் ஒரே அளவு மின்சாரம் எப்படி வரும்? லென்ஸ் வழியாக எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

இனி உங்கள் ஈரப்பதக் காரணம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரமும் குளிரும் இங்கே உண்டு. குளிரில் ரப்பர் இறுகும் என்பதும் உண்மை. ஆனால் இறுகினால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா கெட வேண்டும்? வலச் சேனலை மட்டும் தேடிப் பிடிக்கும் குளிர் எங்கள் மலையில் இல்லை. டப்பாவைத் திறந்த அன்றே இருந்த பழுதுக்கு மழைக்காலம் பொறுப்பாகாது. வினைல் தட்டை ஈரம் கெடுப்பதும் இல்லை. பூஞ்சை பெரும்பாலும் அட்டை உறையைத்தான் பிடிக்கும், அதற்காக அலமாரிக்குள் பல்பு எரியவிட்டிருக்கிறேன். சொல்லப்போனால் வறண்ட காற்றில்தான் தட்டில் மின்னேற்றம் தங்கித் தூசி ஒட்டும். ஊசிக்கு அது கெடுதல். தட்டு நெளிவது வெயிலில். இரண்டும் இங்கே குறைவு. தேய்ந்த தட்டுகள் என்ற காரணமும் நிற்காது. பழைய ஊசியில் அதே தட்டுகள் நடுவில் ஒலிக்கின்றன.

இந்தத் தட்டுகளைப் பற்றி உங்கள் ஊழியர் போனில் "பழசுதானே மேடம்" என்று சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவை என் குரு எனக்குக் கொடுத்தவை. பெரும்பாலும் கல்கத்தா தம்தம் ஆலையில் அச்சானவை. பலவற்றுக்கு இன்னொரு பிரதி கிடைப்பது அரிது. மாலையில் வரும் பிள்ளைகளுக்குப் பைரவி ராகத்தில் நிஷாத ஸ்வரத்தின் அசைவைச் சொல்லிக்கொடுக்க, ஒரே பிடியை (ராகத் துணுக்கை)த் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் உட்சுவர் இடச் சேனல், வெளிச்சுவர் வலச் சேனல். கோணலான ஊசி இந்தச் சுவர்களை ஒரே சீராகத் தொடாது. வைரம் கீறிக் கெடுத்த பள்ளத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. ஆகவே உங்கள் ஊசியை இப்போது பயன்படுத்துவதில்லை. தட்டு போட்டுக் காட்டும் பாடம் நின்றுபோயிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கும் போனேன். மழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கிப் போனவளுக்கு அங்கே ஒரு ரெக்கார்டு பிளேயர்கூட இல்லை. அங்கிருந்த தம்பி ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஊசியைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை; போட்டுக் கேட்க ஒரு கருவி கொடுக்காமல் அவரை அங்கே உட்கார வைத்தது நிறுவனம்தான். ஆனால் அவர் பார்த்ததை "பரிசோதனை முடிந்தது" என்று எழுதி, அதை வைத்து உத்தரவாதத்தை மறுத்திருக்கிறீர்களே, அது நியாயமில்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கவும் கூடாது. என் முதல் புகாருக்கு ஒரு மாதம் கடந்துவிட்டது. புதிய ஊசி ஒன்றை, இரண்டு சேனலையும் அளந்த குறிப்போடு அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் கோயம்புத்தூர் போய்வந்த செலவையும் என் கணக்கில் செலுத்துங்கள். இரண்டில் எதுவானாலும் 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

ரசீது, கையேட்டின் பக்கம், ஒலிப்பதிவு, படங்கள், உங்கள் பதில் எல்லாவற்றின் நகலும் இத்துடன் உள்ளன. பழுதான ஊசியை எடுத்துக்கொள்ள உங்கள் கூரியரைக் கோத்தகிரிக்கு அனுப்புங்கள். இன்னொரு முறை நான் அதைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.